ஆழ்மேலோட்டுப் பாறைகளின் காந்தமும் காந்தப் பிறழ்வுகளும்: கனிமத் துகளிலிருந்து வரைபடம் வரை

உலகக் காந்தப் பிறழ்வு வரைபடத்தில் மத்திய ஆப்பிரிக்காவின் மேல் பெரிய நீலத் தடாகம் ஒன்று தெரியும். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகரான பாங்கியின் பெயரால் அதை அழைக்கிறார்கள். தரைமட்டத்தில் புலம் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 1,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) குறைவு. 400 கி.மீ. உயரத்திலும் சுமார் 20 நானோடெஸ்லா குறைவு தெரிகிறது. நீலம் என்றால் காந்தம் குறைந்த பாறை என்று படிப்பவர் இங்கே முதல் அடியிலேயே சறுக்கிவிடுவார். பாங்கி, காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. அங்கே புவியின் காந்தப்புலம் ஏறக்குறையக் கிடைமட்டமாகச் செல்கிறது. அந்தத் திசையிலேயே காந்தமேறிய பாறைத்திரள் தனக்கு நேர் மேலே புலத்தைக் குறைத்துத்தான் காட்டும். ஆகவே அந்த நீலத்தின் அடியில் வலுவாகக் காந்தமேறிய பெருந்திரள் ஒன்று இருக்க வேண்டும் என்பதே பொதுவான வாசிப்பு. அது பண்டைய இரும்பு விண்கல் மோதியதன் விளைவா, ஆழத்தில் ஊடுருவி உறைந்த பாறையா என்ற வாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

இந்த வழிகாட்டி, வரைபடத்தில் தெரியும் அகன்ற பிறழ்வு ஒன்றை ஆழ்மேலோட்டுப் பாறையோடு இணைக்க விரும்புகிறவர்களுக்கானது. புவியியலின் அடிப்படையும் பள்ளி இயற்பியலும் போதும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பலரும் வரைபடத்தில் தொடங்கி, கணினியில் மாதிரி கட்டி, கடைசியில் அதற்கு ஏற்ற பாறையைத் தேடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை தலைகீழானது: முதலில் வெப்பமானி, அடுத்து கனிமம், பிறகு பாறை, வரைபடம் கடைசியில்தான்.

படி 1: எவ்வளவு ஆழம் வரை காந்தம் இருக்க முடியும்?

ஒவ்வொரு காந்தக் கனிமத்துக்கும் ஒரு கியூரி வெப்பநிலை உண்டு. அதைத் தாண்டினால் அணுக்களின் காந்த ஒழுங்கு குலைந்து, கனிமம் காந்தத்தை இழந்துவிடும். மேலோட்டில் முதன்மையான காந்தக் கனிமம் மேக்னடைட். அதன் கியூரி வெப்பநிலை சுமார் 580 டிகிரி செல்சியஸ். எனவே நீங்கள் ஆராயும் நிலப்பகுதியில் 580 டிகிரி எந்த ஆழத்தில் வருகிறது என்பதே முதல் கேள்வி.

கிலோமீட்டருக்கு 25 டிகிரி என்ற பாடநூல் எண்ணை நேராகப் பெருக்கினால் சுமார் 23 கி.மீ. கிடைக்கும். அந்த விடை பெரும்பாலும் தவறு. மேலோட்டின் வெப்பத்தில் ஒரு பங்கு யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கத்திலிருந்து வருகிறது. அவை மேற்பகுதியில்தான் செறிந்துள்ளன. அதனால் ஆழம் போகப்போக வெப்பநிலை ஏறும் வேகம் குறைகிறது. எளிய கணக்கு இது: மேற்பரப்பு வெப்பநிலையோடு, வெப்பப் பாய்வை ஆழத்தால் பெருக்கி வெப்பக் கடத்துத்திறனால் வகுத்ததைக் கூட்டுங்கள். பிறகு வெப்ப உற்பத்தியை ஆழத்தின் வர்க்கத்தால் பெருக்கி, கடத்துத்திறனின் இருமடங்கால் வகுத்து, அதைக் கழியுங்கள்.

பழமையான, குளிர்ந்த கேடயப் பகுதி (கண்டத்தின் மிகப் பழைய, நிலையான பாறைப்பரப்பு) ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பப் பாய்வு சதுர மீட்டருக்கு 45 மில்லிவாட். சராசரி வெப்ப உற்பத்தி கன மீட்டருக்கு 0.5 மைக்ரோவாட், கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 2.5 வாட், மேற்பரப்பில் 15 டிகிரி. 40 கி.மீ. ஆழத்தில் 15 கூட்டல் 720 கழித்தல் 160, அதாவது 575 டிகிரி. மேலோடு முழுவதும், அடித்தளம் வரை, மேக்னடைட் காந்தமாகவே இருக்க முடியும். வெப்பமான பகுதி ஒன்றுக்கு 70 மில்லிவாட், 1 மைக்ரோவாட் என்று வைத்தால் 580 டிகிரி சுமார் 24.5 கி.மீ. ஆழத்திலேயே வந்துவிடுகிறது. அங்கே கீழ்மேலோட்டில் எவ்வளவு மேக்னடைட் இருந்தாலும் பிறழ்வுக்குப் பயனில்லை.

அழுத்தத்தையும் சேர்க்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. மேக்னடைட்டின் கியூரி வெப்பநிலை ஒரு கிகாபாஸ்கலுக்குச் சுமார் 20 டிகிரி உயர்கிறது. அது ஏறத்தாழ 35 கி.மீ. ஆழத்தின் அழுத்தம். வெப்பப் பாய்வு அளவீட்டின் பிழையே அதைவிடப் பெரிது. குறித்துக்கொண்டு நகருங்கள்.

இதே படியில் தீர்க்க வேண்டிய இன்னொன்று, மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் காந்தமுள்ளதா என்பது. பீட்டர் வாசிலெவ்ஸ்கியும் அவரோடு பணியாற்றியவர்களும் 1979-இல், எரிமலைகள் மேலே கொண்டுவந்த கவசப் பாறைத் துண்டுகளை அளந்து, மேலோட்டையும் கவசத்தையும் பிரிக்கும் மோஹோ எல்லையே காந்தத்துக்கும் அடித்தளம் என்றார்கள். அத்துண்டுகளில் இருந்த ஸ்பினெல் கனிமம் குரோமியம் மிகுந்தது. அந்த ஆழத்து வெப்பநிலையில் அது காந்தமாக இருக்காது. பல ஆண்டுகள் இது விதியாகவே கருதப்பட்டது. பின்னாளில் குளிர்ந்த பகுதிகளின் மேல்கவசத்தில் சிறிதளவு மேக்னடைட் இருக்கலாம் என்ற வாதம் வலுப்பெற்றது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விலக்கு ஒன்று உண்டு. ஒரு தட்டு இன்னொன்றின் கீழே அமிழும் இடங்களில், மேலேறும் நீர் கவசத்தின் ஆலிவினைச் செர்பென்டைனாக மாற்றுகிறது; அந்த வினையில் மேக்னடைட்டும் பிறக்கிறது. வட அமெரிக்காவின் கஸ்கேடியா கரையோரம் நெடுகிலும் காணும் நீண்ட பிறழ்வுக்கு இதுவே விளக்கமாகச் சொல்லப்படுகிறது. உங்கள் பகுதி அப்படிப்பட்டதாக இல்லாவிட்டால், மோஹோவை அடித்தளமாக வைத்துத் தொடங்குவதே நல்லது.

படி 2: கனிமத்தை அடையாளம் காணுங்கள்

காந்தத்தைப் பொறுத்தவரை பாறையின் பெயர் ஏமாற்றும், கனிமம் ஏமாற்றாது. பட்டியல் சிறியதுதான்.

மேக்னடைட்: வலிமையில் இதற்கு இணை இல்லை. முழுமையாகக் காந்தமேறும்போது 480 கிலோ ஆம்பியர்/மீட்டர் அளவை எட்டும். பாறையின் கன அளவில் ஒரு சதவீதம் இருந்தால் ஏற்புத்திறன் (வெளிப்புலத்தில் பாறை எவ்வளவு எளிதில் காந்தமேறும் என்ற அளவு) எஸ்.ஐ. அலகில் சுமார் 0.03 முதல் 0.035 வரை வரும். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பின்னால் பலமுறை தேவைப்படும்.

டைட்டானியம் கலந்த மேக்னடைட்: டைட்டானியம் ஏற ஏறக் கியூரி வெப்பநிலை சரிகிறது. கடலடி பசால்ட்டில் உள்ளது 200 டிகிரிக்குள்ளேயே காந்தத்தை இழந்துவிடும். ஆழத்தில் மெல்லக் குளிர்ந்த பாறைகளில் இது பெரும்பாலும் தூய மேக்னடைட்டாகவும் இல்மனைட்டாகவும் பிரிந்துபோய்விடுகிறது. ஆழ்மேலோட்டுக்கு 580 என்ற எண் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

பைரோடைட்: இரும்பு சல்பைடு. சுமார் 320 டிகிரியில் காந்தத்தை இழக்கும். ஜெர்மனியில் 9,101 மீட்டர் ஆழம் வரை தோண்டிய கே.டி.பி. ஆழ்துளையில் முக்கியக் காந்தக் கனிமமாக வெளிப்பட்டது இதுதான். நடுமேலோட்டைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

ஹேமடைட்: கியூரி வெப்பநிலை 675 டிகிரிக்கு மேல், ஆனால் மேக்னடைட்டோடு ஒப்பிட்டால் வலிமை இருநூறில் ஒரு பங்கே. ஒதுக்கிவிடலாம் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். நார்வேயிலும் சுவீடனிலும் சில பாறைகள் தங்கள் ஹேமடைட், இல்மனைட் அளவுக்குப் பொருந்தாத வலுவான எஞ்சு காந்தத்தை (வெளிப்புலம் இல்லாமலே பாறையில் தங்கியிருக்கும் பழைய காந்தத்தை) காட்டின. ஹேமடைட்டும் இல்மனைட்டும் நானோமீட்டர் தடிமனில் ஏடு ஏடாகப் பிரிந்து கிடக்கையில், இரண்டும் தொடும் பரப்புகளிலேயே காந்தம் பிறக்கிறது என்று ராபின்சன், ஹாரிசன், மெக்கென்றோ, ஹார்கிரேவ்ஸ் ஆகியோர் 2002-இல் விளக்கினார்கள். அடுக்குக் காந்தம் எனப்படும் இது உயர் வெப்பத்தையும் தாங்கி நிற்கும். ஆழ்மேலோட்டில் இதன் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு இது அழகான விதிவிலக்காகவே தோன்றுகிறது. கண்டம் முழுவதற்கும் இதை விளக்கமாக்குவது மிகை.

படி 3: உருமாற்றம் மேக்னடைட்டை என்ன செய்தது?

ஒரே வேதிச் சேர்க்கை கொண்ட இரண்டு பாறைகளில் ஒன்று காந்தமாகவும் மற்றொன்று ஏறக்குறையக் காந்தமற்றதாகவும் இருக்கக் கூடும். இரும்பு இரண்டிலும் இருக்கிறது. அது ஆக்சைடில் இருக்கிறதா, சிலிக்கேட்டில் அடைபட்டிருக்கிறதா என்பதுதான் வேறுபாடு. பயோடைட், ஹார்ன்பிளெண்ட், பைராக்சீன், கார்னெட் போன்றவற்றுக்குள் இரும்பு போய்விட்டால் பாறையின் ஏற்புத்திறன் 0.001-ஐத் தாண்டுவது அரிது.

நடுமேலோட்டின் ஆம்பிபோலைட் நிலையில் இரும்பின் பெரும்பங்கு நீரேறிய சிலிக்கேட்டுகளில் தங்கியிருக்கும். வெப்பம் ஏறி, பாறை கிரானுலைட் நிலைக்குள் நுழையும்போது அந்தக் கனிமங்கள் நீரை வெளியேற்றிச் சிதைகின்றன. பயோடைட்டும் குவார்ட்சும் வினைபுரிந்து ஆர்த்தோபைராக்சீன், பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், நீர் ஆகியவற்றோடு மேக்னடைட்டையும் தருகின்றன. கிரானுலைட்டே கீழ்மேலோட்டின் காந்த அடுக்கு என்ற கருத்து இங்கிருந்துதான் வந்தது. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் கிரானுலைட்டுகள் வலுவான காந்தமுடையவை. பின்னர் நீர் புகுந்து ஆம்பிபோலைட்டாகத் திரும்பிய பகுதிகளில் அந்தக் காந்தம் குன்றிவிடுகிறது.

ஆனால் எல்லாக் கிரானுலைட்டும் காந்தமல்ல. ஆக்சிஜன் நிலை தாழ்ந்திருந்தால் இரும்பு மேக்னடைட்டாகாமல் இல்மனைட்டில் சேர்ந்துவிடும். இல்மனைட் சாதாரண வெப்பநிலையில் காந்தமாக நடந்துகொள்வதில்லை. கிரானைட்டுகளை மேக்னடைட் வரிசை, இல்மனைட் வரிசை என்று ஷுன்சோ இஷிஹாரா 1977-இல் பிரித்ததும் இதே வேறுபாட்டின் மேல்தான். ஆர்த்தோபைராக்சீன் கொண்ட கிரானைட் வகைப் பாறைகளான சார்னோகைட்டுகளிலும் இதைக் காணலாம்: பசுங்கருமையான, பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு கற்கள், காந்த அளவியில் நூறு மடங்கு வேறுபடும். கிராஃபைட் கலந்த படிவு வழிப் பாறைகள் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் அவற்றில் மேக்னடைட் தங்குவதே கடினம்.

இன்னும் ஆழத்தில், அழுத்தம் மிகுந்த எக்ளோகைட் நிலையில், இரும்பு கார்னெட்டுக்குள் போய்விடுகிறது, மேக்னடைட் அழிகிறது. மலைத்தொடரின் தடித்த வேர் தன் தடிமனுக்கு ஏற்ற காந்தத்தைக் காட்டாவிட்டால் இதையும் எண்ணிப் பாருங்கள்.

படி 4: மாதிரிகளை எங்கிருந்து பெறுவது?

மனிதர் தோண்டியதில் மிக ஆழமானது ரஷ்யாவின் கோலா துளை, 12,262 மீட்டர். 40 கி.மீ. மேலோட்டில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே இயற்கை மேலே கொண்டுவந்ததைத்தான் நம்ப வேண்டும்.

முதல் வழி, மேலே தூக்கப்பட்ட மேலோட்டுக் குறுக்குவெட்டுகள். ஆல்ப்ஸில் இவ்ரேயா மண்டலம், கனடாவில் கபுஸ்கேசிங், தென்னிந்தியக் கிரானுலைட் நிலப்பகுதி, இமயத்தின் மேற்கே கோஹிஸ்தான் ஆகியவை புகழ்பெற்றவை. இங்கே ஒரு காலத்தில் 20, 30 கி.மீ. ஆழத்தில் இருந்த பாறையின் மேல் நடந்து போகலாம். ஆனால் அது மேலே வரும் வழியில் நிறைய அனுபவித்துவிட்டது. நீர் புகுந்து கனிமங்கள் மாறியிருக்கும். மேற்பரப்பில் மேக்னடைட் துருவேறி மேகமைட்டாகவோ ஹேமடைட்டாகவோ ஆகியிருக்கும்.

இரண்டாம் வழி, எரிமலைக் குழாய்களில் வரும் அயற்பாறைத் துண்டுகள். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மேலே வந்துவிடுவதால் மெல்ல நிகழும் மாற்றங்களுக்கு நேரமில்லை. இதனால் இவையே உண்மையான மாதிரி என்று சிலர் வாதிடுவார்கள். சூடான பாறைக்குழம்பில் மூழ்கிவந்த துண்டு எப்படி மாறாமல் இருக்கும்? கார்னெட்டைச் சுற்றி உருவாகும் வினைவிளிம்பில் புதிய மேக்னடைட் பிறந்து, பாறையின் காந்தத்தைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். மெல்லிய பாறைச் சீவலை நுண்ணோக்கியின் கீழ் பார்க்காமல் அயற்பாறையின் எண்ணை ஏற்காதீர்கள். மேக்னடைட் துகள் பிற கனிமங்களோடு சமநிலையில், தெளிவான விளிம்போடு அமர்ந்திருந்தால் நம்பலாம். வெடிப்புகளிலும் விளிம்புகளிலும் பொடியாகப் பரவியிருந்தால் அது மேலேறும் வழியில் சேர்ந்த சரக்கு.

படி 5: அளவிடுதல்

களத்தில் கையடக்க ஏற்புத்திறன் அளவி போதும். ஒரு பாறைமுகத்துக்கு ஒரு வாசிப்பு என்று எடுத்தால் வீண். குறைந்தது பத்து இடங்களில் வையுங்கள். மட்கிய மேற்தோலைத் தவிர்த்து, புதிதாக உடைந்த முகத்தில் வையுங்கள்.

நூறு வாசிப்புகள் சேர்ந்ததும் அலைவெண் வரைபடம் வரையுங்கள். கிடை அச்சை மடக்கை அளவில் வையுங்கள். பெரும்பாலும் ஒட்டகம் போல இரண்டு திமில்கள் தெரியும். 0.0005-ஐச் சுற்றி ஒன்று, அதில் இரும்பு சிலிக்கேட்டில் இருக்கிறது. 0.01 முதல் 0.1 வரை மற்றொன்று, அதில் மேக்னடைட் இருக்கிறது. சராசரி என்ற பெயரில் இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைச் சொன்னால், எந்தப் பாறையிலும் இல்லாத ஒன்றைச் சொன்னதாகும். அதே நேரத்தில், தொலைவிலிருந்து பார்க்கும் பிறழ்வுக்கு வேண்டியது கன அளவின் கூட்டுச் சராசரிதான். பத்தில் ஒன்பது மாதிரிகள் 0.0005, ஒன்று 0.08 என்றால் கூட்டுச் சராசரி 0.00845, கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரு மாதிரியின் தயவு. எனவே காந்தமுள்ள பாறை எவ்வளவு பரப்பை அடைத்திருக்கிறது என்ற கள வரைபடம், எண்ணின் துல்லியத்தைவிட முக்கியமானது.

ஆய்வகத்துக்கு 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைகளை வெட்டி எடுங்கள். முதலில் எஞ்சு காந்தத்தை அளந்து, அதைத் தூண்டப்பட்ட காந்தத்தால் வகுத்தால் கோனிக்ஸ்பெர்கர் விகிதம் கிடைக்கும். விகிதம் ஒன்றுக்குக் கீழே என்றால் இன்றைய புலம் தூண்டும் காந்தமே ஆள்கிறது. ஒன்றைத் தாண்டினால் பழைய காந்தத்தின் திசையைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். மலை உச்சியில் எடுத்த கல்லில் விகிதம் 20, 50 என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், மின்னல் தாக்கியிருக்கும். சில மீட்டர் தள்ளி இன்னொரு மாதிரி எடுத்தால் திசை முற்றிலும் மாறியிருப்பதைக் காண்பீர்கள்.

கனிமத்தை உறுதிசெய்யச் சூடாக்கிக்கொண்டே ஏற்புத்திறனை அளக்க வேண்டும். 580-இல் செங்குத்தாக விழுந்தால் மேக்னடைட், 320-இல் விழுந்தால் பைரோடைட். சூடாக்கலை ஆர்கான் வாயுவில் செய்யுங்கள், காற்றில் செய்தால் மாதிரியே மாறிவிடும். குளிரும்போது வளைகோடு வேறு பாதையில் வந்தால், புதிய கனிமம் உங்கள் அடுப்பில் பிறந்துவிட்டது என்று பொருள். குளிரூட்டும் கருவி இருந்தால் இன்னும் நல்லது: மேக்னடைட் மைனஸ் 153 டிகிரி அருகே வெர்வே மாற்றத்தை, அதாவது படிக அமைப்பும் காந்தப் பண்பும் திடீரென மாறுவதை, காட்டிக்கொடுக்கும், மாதிரியையும் கெடுக்காது.

அலகுகளைப் பற்றி ஒரு சொல். பழைய சி.ஜி.எஸ். ஏற்புத்திறனை எஸ்.ஐ. அலகுக்கு மாற்ற 12.57-ஆல் பெருக்க வேண்டும். பழைய அட்டவணை ஒன்றிலிருந்து எண்களை அப்படியே எடுத்து, ஒரு வாரம் முழுக்க மேலோட்டில் காந்தம் போதவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான்.

படி 6: அறை வெப்பநிலையிலிருந்து ஆழத்துக்கு

20 டிகிரியில் அளந்த எண் 450 டிகிரியில் எப்படி இருக்கும்? ஆழ்மேலோட்டில் மேக்னடைட் துகள்கள் பெரியவை. பல காந்தக் களங்களாகப் பிரிந்திருப்பவை. அவற்றின் ஏற்புத்திறன் துகளின் வடிவத்தாலேயே கட்டுப்படுத்தப்படுவதால், கியூரி வெப்பநிலையை நெருங்கும்வரை பெரிதாக மாறுவதில்லை. கியூரிக்குச் சற்று முன்னால் ஏற்புத்திறன் எகிறும் ஹாப்கின்சன் விளைவைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். நுண்துகள்களில் அது பெரிதுதான். பெருந்துகள்களில் அவ்வளவாக இல்லை.

எஞ்சு காந்தத்தின் கதை சுவையானது. வெப்பம் ஏறினால் பழைய காந்தம் தளர்கிறது. அதன் இடத்தில் இன்றைய புலத்தின் திசையில் பாகுநிலைக் காந்தம் மெல்ல மெல்லச் சேர்கிறது. புவியின் புலம் கடைசியாகத் தலைகீழானது சுமார் 7,70,000 ஆண்டுகளுக்கு முன்பு. அவ்வளவு காலம் ஒரே துருவநிலையில், பல நூறு டிகிரி வெப்பத்தில் கிடந்த பாறை, இன்றைய புலத்தின் திசைக்கே பெரும்பாலும் திரும்பியிருக்கும். மேற்பரப்புப் பாறைகளில் எஞ்சு காந்தம் எந்தத் திசையிலும் இருக்கலாம். ஆழத்தில் அது தூண்டப்பட்ட காந்தத்தோடு சேர்ந்து வலுவூட்டுகிறது. ஆய்வகத்தில் சில மணி நேரத்தில் அளக்கும் ஏற்புத்திறன் இதைப் பிடிக்காது என்பதால், ஆழத்தின் உண்மைக் காந்தமாக்கம் நம் எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு.

படி 7: பிறழ்வுத் தரவைத் தயாரித்தல்

அளந்த மொத்தப் புலத்திலிருந்து புவிக் கருவத்தின் புலத்தைக் கழிக்க ஐ.ஜி.ஆர்.எஃப். எனும் பன்னாட்டுப் புவிக்காந்த மேற்கோள் மாதிரி உண்டு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். அளந்த நாளுக்குரிய பதிப்பைப் பயன்படுத்துங்கள். நாள்தோறும் சில பத்து நானோடெஸ்லா ஏறி இறங்கும் மாற்றத்தை அடிநிலையக் கருவியின் பதிவால் நீக்குங்கள். காந்தப் புயல் நாளின் தரவைத் தூக்கி எறியுங்கள்.

பலரும் கவனிக்காத பள்ளம் அடுத்தது. தனித்தனி வானூர்தி அளவைகளைத் தைத்து ஒட்டிய கண்ட அளவிலான வரைபடங்களில், சில நூறு கிலோமீட்டர் அலைநீளங்கள் நம்பத்தக்கவை அல்ல. ஒவ்வொரு துண்டையும் சமன்செய்யும்போது அவை கரைந்துபோகின்றன. நாம் தேடும் ஆழ்மேலோட்டுச் செய்தியோ அதே அலைநீளங்களில்தான் இருக்கிறது! அதற்குச் செயற்கைக்கோள்களை நாட வேண்டும். 1979–80-இல் மேக்சாட், 2000 முதல் 2010 வரை சாம்ப், 2013 முதல் ஸ்வார்ம். சாம்ப் தன் கடைசிக் காலத்தில் 300 கி.மீ.க்கும் கீழே இறங்கியதால் நுண்ணிய பிறழ்வுகளும் கிடைத்தன. செயற்கைக்கோள் மாதிரியின் நீண்ட அலைகளையும் வானூர்தி அளவையின் குறுகிய அலைகளையும் இணைத்த தொகுப்புகளைப் பயன்படுத்துங்கள். இரண்டும் சந்திக்கும் இடைப்பட்ட அலைநீளங்களில் ஐயத்தோடே இருங்கள்.

மேல்வரம்பும் உண்டு. புவியின் புலத்தை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கோள ஒத்திசைவில் (படி ஏற ஏற அலைநீளம் குறையும்) 13-ஆம் படி வரை கருவத்தின் புலம் எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறது. ஆகவே 3,000 கி.மீ.க்கும் மேற்பட்ட அகலமுள்ள மேலோட்டுப் பிறழ்வு இருந்தாலும் நமக்குத் தெரியாது.

பிறழ்வைக் காந்தத் துருவத்தில் அளந்தது போல மாற்றி, அதன் மூலத்துக்கு நேர் மேலே கொண்டுவரும் ‘துருவத்துக்கு மாற்றும்’ வடிகட்டியை நடு, உயர் அகலாங்குகளில் தயங்காமல் பயன்படுத்தலாம். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் அது தரவின் இரைச்சலை வடக்கு–தெற்குக் கோடுகளாக இழுத்துவிடும். அங்கே சாய்வுகளின் மொத்த அளவைப் பார்ப்பதே பாதுகாப்பு.

படி 8: அலைநீளக் கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். தாளும் கணிப்பானும் போதும்.

காந்தமாக்கம் (பாறை எவ்வளவு காந்தமேறியிருக்கிறது என்ற அளவு, ஆம்பியர்/மீட்டரில்) பக்கவாட்டில் அலைபோல மாறுகிற ஓர் அடுக்கு, செங்குத்தான புலத்தில் காந்தமேறியிருக்கிறது என்று கொள்வோம். ஒரு ஆம்பியர்/மீட்டர் மாறுபாட்டுக்கு, அடுக்கின் மேல்முகம் தரும் தேய்வுக்காரணியிலிருந்து கீழ்முகத்தின் தேய்வுக்காரணியைக் கழித்து 628 நானோடெஸ்லாவால் பெருக்க வேண்டும். தேய்வுக்காரணி என்பது, இரண்டு பை பெருக்கல் தொலைவு வகுத்தல் அலைநீளம் என்ற எண்ணுக்கு உரிய அடுக்குக்குறித் தேய்வு.

20 முதல் 40 கி.மீ. வரையுள்ள கீழ்மேலோட்டு அடுக்குக்குத் தரைமட்டத்தில் கணக்கிட்டால், 200 கி.மீ. அலைநீளத்துக்குச் சுமார் 156 நானோடெஸ்லா, 50 கி.மீ. அலைநீளத்துக்குச் சுமார் 47, 20 கி.மீ. அலைநீளத்துக்கு வெறும் 1.2. வரைபடத்தில் 20 கி.மீ. அகலத்தில் கூர்மையாக நிற்கும் 300 நானோடெஸ்லா முகடு கீழ்மேலோட்டிலிருந்து வர வழியே இல்லை. அதை வடிகட்டி ஒதுக்கிவிட்டு, அகன்றதைப் பாருங்கள். ஆனால் அகன்ற பிறழ்வு எல்லாம் ஆழமானது என்று திருப்பிப் போடவும் கூடாது. மெல்லிய, பரந்த மேலடுக்கும் அகன்ற பிறழ்வைத் தரும். ரஷ்யாவின் கூர்ஸ்க் பிறழ்வு செயற்கைக்கோள் வரைபடத்திலும் தெரிகிறது. அங்கே காரணம் மேலோட்டின் மேற்பகுதியிலேயே உள்ள இரும்புத்தாதுப் பட்டைகள். திசைகாட்டி அங்கே தடுமாறுவதை 1773-லேயே கவனித்துவிட்டார்கள்.

இப்போது 400 கி.மீ. உயரத்துக்குப் போவோம். 1,000 கி.மீ. அலைநீளத்துக்கு அதே கீழ்மேலோட்டு அடுக்கு, ஆம்பியர்/மீட்டருக்குச் சுமார் 5.3 நானோடெஸ்லா தருகிறது. செயற்கைக்கோள்கள் காணும் பெரிய பிறழ்வுகள் 10 முதல் 20 நானோடெஸ்லா. ஆகவே 2 முதல் 4 ஆம்பியர்/மீட்டர் வேண்டும். புவியின் புலம் 50,000 நானோடெஸ்லா என்றால் புலச்செறிவு 40 ஆம்பியர்/மீட்டர்; தூண்டப்பட்ட காந்தம் மட்டுமே காரணம் என்றால் ஏற்புத்திறன் 0.05 முதல் 0.1 வரை இருக்க வேண்டும். படி 2-இன் எண்ணை நினைவுகூருங்கள்: இது 20 கி.மீ. தடிமன் முழுக்க, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு, ஒன்றரை முதல் மூன்று சதவீத மேக்னடைட். தரையில் அள்ளும் கிரானுலைட்டுகளில் அத்தகைய கற்கள் உண்டு. ஆனால் சராசரி அவ்வளவு உயர்வது அரிது.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்துறையைச் சீண்டும் புதிர் இதுதான்: செயற்கைக்கோள் கேட்கும் கடனைக் கற்கள் கட்ட மறுக்கின்றன. பற்றாக்குறையை நிரப்பப் பலர் முன்வருகிறார்கள். ஆழத்தின் பாகுநிலைக் காந்தம், அடுக்குக் காந்தம், கீழ்மேலோட்டில் ஊடுருவிய காப்ரோ, மேலே வரும் வழியில் மாதிரிகள் இழந்த மேக்னடைட், மேல்கவசத்தின் பங்கு ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. என்னைக் கேட்டால் முதலில் அடுக்கின் தடிமனைத்தான் கேள்வி கேட்பேன். கேடயப் பகுதியில் மேலோடு முழுவதையும், 0 முதல் 40 கி.மீ. வரை, கணக்கில் சேர்த்தால் ஆம்பியர்/மீட்டருக்கு 11 நானோடெஸ்லாவுக்கும் சற்று மேல் கிடைக்கிறது. தேவை 1 முதல் 2 ஆகக் குறைந்துவிடுகிறது. கீழ்மேலோடு மட்டுமே காந்த அடுக்கு என்று பிடிவாதம் பிடிக்க என்ன ஆதாரம் இருக்கிறது?

படி 9: மாதிரி கட்டுதல், அதன் எல்லைகள்

காந்தத் தரவு பக்கவாட்டு வேறுபாட்டை மட்டுமே காட்டும். எல்லா இடத்திலும் ஒரே சீராகக் காந்தமேறிய அடுக்கு எவ்வளவு வலுவாக இருந்தாலும் வெளியே தெரியாது. உட்புலத்தால் காந்தமேறிய சீரான கோள ஓடு வெளியே புலம் தராது என்று ரன்கார்ன் 1975-இல் நிலவுக்காகக் காட்டினார், அது இங்கும் பொருந்தும். எனவே மாதிரியில் வரும் எதிர்மறைக் காந்தமாக்கத்தைக் கண்டு திடுக்கிட வேண்டாம். சுற்றுப்புறத்தைவிடக் குறைவு என்பதே அதன் பொருள்.

கியூரி ஆழத்தை நிறமாலை முறையில், அதாவது பிறழ்வின் வலு அலைநீளங்களிடையே எப்படிப் பரவியிருக்கிறது என்பதிலிருந்து, கணக்கிடும் வரைபடங்கள் இன்று நிறைய வருகின்றன. 25 கி.மீ. ஆழத்து அடிமுகத்தைப் பிடிக்கத் தரவுச் சாளரம் அதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு அகலமாக இருக்க வேண்டும். 250 கி.மீ. சாளரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நிலவியல் மாகாணங்கள் அடங்கிவிடும். அவற்றின் சராசரிதான் கிடைக்கும். 80 கி.மீ. சாளரத்தை நகர்த்தி நகர்த்தி வரைந்த, கண்ணுக்கினிய கியூரி வரைபடங்களை நான் நம்புவதில்லை. மேலும், கிடைக்கும் அடிமுகம் வெப்பநிலையின் எல்லையா, பாறை மாறும் எல்லையா என்று அந்த முறைக்குத் தெரியாது. படி 1-இல் நீங்கள் போட்ட வெப்பக் கணக்கோடு ஒப்பிடுங்கள். இரண்டும் 5 கி.மீ.க்குள் ஒத்துப்போனால் கியூரி எல்லை என்று எழுதலாம்; இல்லாவிட்டால் காந்த அடுக்கின் அடி என்று மட்டும் எழுதுங்கள்.

மாதிரியின் மேல், கீழ் எல்லைகளை நில அதிர்வுத் தரவிலிருந்து எடுத்து நிலைப்படுத்துங்கள். ஈர்ப்புத் தரவையும் அருகில் வையுங்கள், ஆனால் அடர்த்தியும் காந்தமும் கைகோத்துப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எக்ளோகைட் அடர்த்தி மிகுந்தது, காந்தம் குறைந்தது. மேக்னடைட் வரிசைக் கிரானைட் இதற்கு நேர்மாறு.

முடிவை எழுதும்போது காந்தமாக்கத்தையும் தடிமனையும் தனித்தனியாகக் கண்டுபிடித்ததாக எழுத வேண்டாம். நீண்ட அலைநீளங்களில் தரவு தீர்மானிப்பது அவற்றின் பெருக்குத்தொகையைத்தான். 3 ஆம்பியர்/மீட்டர் 20 கி.மீ. தடிமனில் இருந்தாலும், ஒன்றரை 40 கி.மீ. தடிமனில் இருந்தாலும், இரண்டுமே 60,000 ஆம்பியர், 400 கி.மீ. உயரத்திலிருந்து பார்க்கும் கருவிக்கு இரண்டுக்கும் அதிக வேறுபாடு தெரியாது. முதலில் 60,000-ஐ எழுதி, அதன் கீழே உங்கள் வெப்பக் கணக்கும் கற்களும் அனுமதிக்கும் இணைகளை வரிசையாக எழுதுங்கள்.